மீனால் அடித்துக்கொண்டவர்கள்

சித்தப்பா செத்த செய்தியைக் கோயில் குரூப்பில் போட்டதும் நீங்கள் எல்லாரும் கைகூப்புகிற படம் போட்டீர்கள். சிலர் மெழுகுதிரியும் போட்டீர்கள். அதற்குக் கீழே ஒருவர், "பாவம், அண்ணன் தம்பி கடைக் காசுக்குப் பிரிஞ்சவை, கடைசி மட்டும் சேரேல்ல" என்று எழுதியிருந்தார். அதற்கும் வரிசையாய்க் கண்ணீர் முகம்.

காசுக்கு இல்லை. அந்தக் கடையில் பிரிக்கிற அளவுக்குக் காசு இருந்ததேயில்லை. அவர்கள் பிரிந்தது ஒரு படத்தால். அந்தப் படத்தை நீங்களும் பார்த்தீர்கள், பார்த்துச் சிரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்கு என்னோடு ஒரே வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன் வெட்டப் போனவள் நான். பிழை இருந்தால் பிடியுங்கள். அது உங்களுக்கு நன்றாக வரும்.

எங்கள் கடை ஃபாரஸ்ட் கேட்டில், ரெயில் பாலத்தைத் தாண்டியதும் வரும். மேலே எங்கள் வீடு. சித்தப்பாவும் சித்தியும் அடுத்த தெருவில் ஓர் அறையில் இருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் மன்னாரில் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள்; இங்கே ஒரே மேசையில் நின்று மீன் வெட்டினார்கள். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். அது சண்டை இல்லை. கடையில் ரேடியோ இல்லாததால் அது.

சனிக்கிழமைகளில் கணவாய் மீன் வாங்க ஒரு வெள்ளைக்காரர் வருவார். ஏதோ ஒரு மியூசியத்தில் படங்களுக்குச் சட்டம் போடுகிற வேலை அவருக்கு. எனக்கு ஒன்பது வயதாயிருந்த அந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள், கடதாசியில் சுற்றிய சட்டம் ஒன்றோடு வந்து, "இதைப் பார்க்கிறபோதெல்லாம் உங்கள் இரண்டு பேரின் நினைப்புத்தான் வருகிறது" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். ஐந்நூறு வருடத்துக்கு முதல் இத்தாலியில் ஒருவன் செப்புத் தகட்டில் கோடு கோடாய்க் கீறி, மை பூசி, கடதாசியில் அமத்தி எடுத்ததாம். எங்களிடம் வந்தது அதன் மெஷின் கொப்பி. கடல் தெய்வங்களின் சண்டை அது. தண்ணீருக்குள் உடுப்பில்லாத ஆம்பிளைகள், உடம்பெல்லாம் முறுக்கு. மீன் வாலுள்ள குதிரைகள். ஒருவன் மீன்களைக் கோவையாய்க் கட்டி ஓங்கியிருக்கிறான், அதால் மற்றவனை அடிக்க. இன்னொருவன் ஏதோ மிருகத்தின் மண்டையோட்டைக் கேடயமாய்ப் பிடித்திருக்கிறான். பின்னால் நாணல். ஒரு தூணில் கடல் சாமியின் சிலை, சண்டைக்கு முதுகைக் காட்டியபடி. இடது பக்கத்தில் ஒரு கடல் பிராணியின் மேல் ஒரு கிழவி நிற்கிறாள். எலும்பும் தோலும். வற்றித் தொங்குகிற முலை. வாயைத் திறந்து கத்துகிறாள். கையில் எழுத்துப் பொறித்த ஒரு பலகை.

"அண்ணை, உந்த மீன் வைச்சிருக்கிறவன் நீங்கள்தான். மூஞ்சையைப் பாருங்கோ" என்றார் சித்தப்பா.

"போடா. அவனுக்கு வண்டி இல்லை. எனக்கு இருக்கு" என்று அப்பா தன் வயிற்றைத் தட்டினார்.

"அப்ப அந்தக் குதிரை நீங்கள்."

"அது சரி, அது என்ன மீன்? பாரையோ?"

"பாரைக்கு உப்பிடியே வால்? கொடுவா அண்ணை."

"கொடுவாவாம்! உன்னை நம்பிச் சனம் மீன் வாங்குது பார்."

அந்தக் கிழவி யார் என்று சித்தப்பா கேட்டார். "பொறாமை. சண்டையை மூட்டிவிடுகிறவள் அவள்தான்" என்றார் வெள்ளைக்காரர். சித்தப்பா அன்றே படத்தைத் தராசுக்குப் பின்னால் மாட்டினார். மீன் வாங்க வந்த எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் சொன்னார்.

அந்தக் காலம் முழுக்க எனக்குக் காய்ச்சல். வரும், போகும், மறுபடி வரும். தொண்டையில் ரான்சில் வீங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அம்மா டொக்டரை நம்பவில்லை.

அம்மாவுக்கு சாண்ட்விச் பக்டரியில் ஷிப்ட். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிவருவது சித்தி. குசினிக் கதிரையில் இருத்தி, தேங்காயெண்ணெய் வைத்து, தலையை இரட்டைப் பின்னலாய் இழுத்து வாருவார். கண் பிதுங்கும். பின்னி முடித்ததும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்ப்பார். பிறகு என் கன்னங்களை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார். படபடவென்று சத்தம் வரும். "என்ர கண்ணே பட்டுடும், செல்லம்" என்பார். பிள்ளை வேண்டி அப்போது அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். போகிற நாளெல்லாம் அங்குள்ள மெஷினில் எனக்கு பிஸ்கட் வாங்கி வருவார். "இந்தமுறையும் ஆஸ்பத்திரியில பிஸ்கட்தான் தந்தவங்கள்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

பின்னேரம் அம்மா வந்ததும் சித்தி போய்விடுவார். அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கீழ்க்கதவு சாத்துகிற சத்தம் வந்ததும் கதிரையை இழுப்பார். அதில் ஏறி, கூரையில் இருக்கிற ஸ்மோக் அலார்மின் மூடியைத் திறந்து, பற்றறியைக் கழற்றி பிரிட்ஜுக்கு மேல் வைப்பார். பிறகு உப்பையும் செத்தல் மிளகாயையும் கைக்குள் பொத்தி என் தலையைச் சுற்றுவார். வாய்க்குள் அருள்நிறை மரியாயேயும் ஊர்க்கண் உறவுக்கண்ணும் கலந்து ஓடும். கடைசியில் எல்லாவற்றையும் அடுப்பில் காய்கிற தாச்சியில் போட்டு எரிப்பார்.

மிளகாய் எரிந்து நெடி ஏறினால் பயமில்லை. நெடி வராவிட்டால் யாரோ கண் வைத்த கண்ணூறு. அது உங்கள் வீடுகளிலும் தெரியும். அம்மாவின் மூக்கு பக்டரியில் வெங்காயத்தோடு நின்று எப்போதோ செத்துப்போனது. ஆகவே மோந்து பார்ப்பது என் வேலை.

"நெடி வருதே, பிள்ளை?"

"இல்லை அம்மா."

எப்படி வரும்? எனக்குச் சளி. மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. இருமல் வந்தது, அதைச் சளி இருமல் என்று விட்டுவிட்டார்.

"பாத்தியே. அவ்வளவு கண்" என்பார். யாருடைய கண் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா கீழே கடையில் நிற்பார், அவருக்கு இது ஒன்றும் தெரியாது. சில நாட்களில் அம்மா பற்றறியைத் திருப்பிப் போட மறந்துவிடுவார். அடுத்தநாள் பால் எடுக்க பிரிட்ஜடிக்குப் போன சித்தி அதைக் கையில் எடுத்ததை நான் கண்டேன். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தாச்சியைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே பற்றறியை வைத்துவிட்டு எனக்குப் பால் ஆற்றித் தந்தார். அன்றைக்கும் தலை பின்னினார். நெட்டி முறித்தார்.

ஐப்பசியில், மீன் வெட்டுகிற இடத்தில் படம் தொங்கக்கூடாது என்று கவுன்சில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சித்தப்பா அதை மேலே கொண்டுவந்து எங்கள் முன்னறையில், இருந்த ஒரே நல்ல ஆணியில் மாட்டினார்.

"பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டில அம்மணமாய் ஆம்பிளையள்" என்றார் அம்மா. "சாமியும் குண்டியைக் காட்டிக்கொண்டு நிக்குது. கழட்டும்."

"அண்ணி, இது கலை."

"கலையைக் கொண்டுபோய் உம்மட அறையில வையும்."

"அங்க ஆணி அடிச்சா வீட்டுக்காரன் எங்களைக் கலைச்சுப் போடுவான்."

அது செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாய்ப் போகிற மாதம். எங்கள் முறை வந்த பின்னேரம் அம்மா ஒரு வெள்ளை விரிப்பால் படத்தை மூடினார். அதற்குக் கீழே மேசை போட்டு, மாதாவை வைத்து, மெழுகுதிரி கொளுத்தினார். மத்தியானத்திலிருந்து சித்தி எங்கள் குசினியில் நின்று கடலை அவித்தார். நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். செபம் சொல்லாமல் கடலை மணத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அறைக்குள் புழுக்கம். யாரோ யன்னலைத் திறக்க, காற்றில் விரிப்பின் நுனி மெழுகுதிரியில் பட்டுப் பற்றியது. செபம் நடத்திய மூப்பர் பாய்ந்து விரிப்பை இழுத்து விழுத்தி, காலால் மிதித்து அணைத்தார். புகை கலைய, மாதாவின் தலைக்கு மேலே அந்தப் படம். நீங்கள் "குண்டி, குண்டி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மூப்பர் இருமிக்கொண்டு, "இதென்ன படம்? உந்தக் கிழவி ஆர்?" என்றார்.

அப்பாவுக்கு வெட்கம். வெட்கம் வந்தால் அப்பா பகிடி விட்டுச் சமாளிப்பார். "அது பொறாமை, மூப்பர். எல்லாக் குடும்பத்திலயும் ஒண்டு இருக்கும்" என்றார்.

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். ஆனால் சித்தி கடலைத் தட்டோடு குசினி வாசலில் நின்றார்.

"இவ்வளவு புகைக்கும் அலார்ம் அடிக்கேல்ல, நல்ல காலம்" என்றார் மூப்பர்.

"அது அடிக்காது" என்றார் சித்தி. "பற்றறி பிரிட்ஜுக்கு மேல கிடக்கு."

"ஏன்?"

"அக்காவைக் கேளுங்கோ. நான் படியிறங்கினதும் கழட்டுவா, மிளகாய் எரிக்க. பிள்ளையை நான் பாத்துப்போட்டனெல்லே."

"மாதாவுக்கு முன்னால பொய் சொல்லாதை" என்றார் அம்மா.

"மாதாவுக்கு முன்னாலதான் சொல்லுறன். தாச்சியைக் கொண்டந்து காட்டவோ?" தாடையால் படத்தைக் காட்டினார். "இப்ப என்ர படத்தையும் மாட்டியாச்சு, பேரும் வைச்சாச்சு. நல்லாய் இருக்கு, அத்தான்."

"நான் உன்னைச் சொல்லேல்ல, பிள்ளை…" என்று அப்பா எழும்பினார்.

"வேற ஆரை? இந்த வீட்டில பிள்ளை இல்லாதவள் வேற ஆர்?"

தட்டை நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். சித்தப்பா அவருக்குப் பின்னால் ஓடினார். செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு, அப்பாவின் செருப்போடு ஓடினார். நீங்கள் கடலையைச் சாப்பிட்டீர்கள். எனக்கு நல்ல நினைவு. கோப்பை கோப்பையாய்ச் சாப்பிட்டீர்கள்.

எல்லாரும் போனபிறகு அப்பா, "எரிச்சனியோ?" என்று கேட்டார். "எரிச்சனான்தான். பிள்ளைக்குச் சுகமில்லாட்டி எரிக்காமல்? ஆனா அவள் அதைச் சபையில சொல்லலாமோ?" என்றார் அம்மா. அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. எரித்தது பிழையா என்று கேட்டிருக்கலாம். சபையில் சொன்னது பிழை என்பதோடு அவருக்குக் கணக்கு முடிந்தது.

அடுத்த காலை சித்தப்பா தன் கத்திகளை எடுக்க வந்தார். நான் பள்ளிக்கூட உடுப்போடு படியில் நின்றேன்.

"உன்ர மனிசி சனத்துக்கு முன்னால என்ர மனிசியைக் கேவலப்படுத்திப்போட்டாள்" என்றார் அப்பா.

"உங்கட மனிசி ஒவ்வொரு நாளும் என்ர மனிசியைத் தாச்சியில போட்டு வறுத்தவா. அது கேவலமில்லையோ?"

"பிள்ளைக்குக் காய்ச்சலடா!"

"அவள் பாத்துப் பாத்து வளர்த்த பிள்ளை, அண்ணை."

"பெத்தவள் இருக்கிறாள் பாக்க. இனி வேற ஆக்கள் பாக்கத் தேவையில்லை."

சித்தப்பாவின் கைக்கு எட்டியது கல்லாய் உறைந்த ஒரு சூரை மீன். அதால் அடித்தார். அப்பாவின் காது கிழிந்தது. அப்பா ஒரு அறுக்குளாவை வாலில் பிடித்துத் தூக்கி வீசினார். படத்தில் இருப்பவர்களுக்கு உடம்பு அழகு. இங்கே இரண்டு வண்டி, வெள்ளை ரப்பர் சப்பாத்து, பிளாஸ்டிக் ஏப்ரன். மூச்சு வாங்கி வாங்கி, ஐஸில் வழுக்கி வழுக்கி அடித்தார்கள். செதில் பறந்து என் சொக்ஸில் ஒட்டியது. கடைசியில் சித்தப்பா வழுக்கி ஐஸ் பெட்டிக்குள்ளேயே குந்திவிட்டார். அப்பா கையில் பாதி மீனோடு நின்றார். அந்த இடத்தில் யாராவது ஒருவர் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு பேரும் சிரிக்கத் தெரிந்தவர்கள். சிரிக்கவில்லை.

சித்தப்பாவும் சித்தியும் நகரத்தின் மறுகரைக்கு, ஸ்ட்ரெதமுக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா அங்கே வேறொருவரின் கடையில் மீன் வெட்டினார். மாரியில் எனக்கு ரான்சில் வெட்டி எடுத்தார்கள். காய்ச்சல் நின்றது. "பாத்தியே, அவள் போனதும் காய்ச்சலும் போட்டுது" என்றார் அம்மா. தொண்டையில் புண்ணோடு கிடந்த எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அம்மா அப்படித்தான் நம்புகிறார்.

பிறகு ஒருமுறைதான் சித்தியைக் கிட்டப் பார்த்தேன். வருடா வருடம் பஸ் பிடித்து மாதா யாத்திரைக்குப் போவோமே, அங்கே. சனத்துக்குள் கண்டு ஓடிப்போனேன். அவர் சீலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டார். "அங்கால போ. நான் பாத்தா உனக்குக் காய்ச்சல் வரும். இந்தக் காட்டுக்குள்ள கொம்மா மிளகாய்க்கு எங்க போவா?" என்றார். அம்மாவுக்குக் கேட்கவேண்டும் என்றே உரத்துச் சொன்னார். அம்மாவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. எனக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

படத்தை அம்மா எறியச் சொன்னார். அப்பா எறியவில்லை. கவுன்சில் ஆளின் கண்ணில் படாமல், கடையின் பின்பக்கம், கழிவு வாளிக்கு மேலே மாட்டினார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் மீன் வெட்டுகிற இடம் அதற்கு நேர் எதிரே. ஒவ்வொரு கோடும் எனக்குத் தெரியும். அந்தக் கிழவி கத்திக்கொண்டே நிற்கிறாள், ஆனால் அடிபடுகிற ஒருவனும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் பாட்டுக்கு அடிக்கிறார்கள்.

இப்போது சித்தப்பா செத்துப்போனார். ஐஸ் இறக்கிக்கொண்டு நிற்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். போன் வந்தபோது அப்பா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டார். கத்தியைக் கழுவினார். அடுத்த மீனை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை அடக்கம், அப்பா."

"வெள்ளிக்கிழமை கடை பூட்ட ஏலாது."

"உங்கட தம்பி."

"அவன் ஒருநாளாவது என்னட்டை வந்தவனே?"

"இனி எப்பிடி வாறது? பெட்டியோடயோ?"

அவர் திரும்பிக்கொண்டார். அந்தத் தூணில் நிற்கிற சாமியைப்போல முதுகுதான் தெரிந்தது. நான் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன்.

"அதை வை."

"வைக்கமாட்டன்."

"அது கடையின்ர சாமான்."

"அது சித்தப்பாவின்ர."

படியில் நின்று அம்மா, "போறதெண்டாப் போ. அவளின்ர கண்ணில மட்டும் விழாதை" என்றார். நான் அம்மாவுக்குச் சொன்னதை இங்கே எழுத ஏலாது.

சவக்காலையில் குழி மூடும்வரை மழை. உங்களில் சிலர் வந்திருந்தீர்கள், கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தீர்கள். நான் நனைந்துகொண்டு நின்றேன். பிறகு ஸ்ட்ரெதமில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். சின்ன முன்னறை. அந்தக் கோயில் சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. சித்தி குனிந்த தலையோடு கதிரையில் இருந்தார். பாதியாய்ப் போயிருந்தார். செபத்துக்கு நடுவில் கூரையிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி கீச். ஸ்மோக் அலார்ம். பற்றறி முடிகிற சத்தம்.

நான் பக்கத்தில் இருந்து, பேப்பரில் சுற்றிய படத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் பேப்பரைப் பிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. விரல் நேரே கிழவியில் போய் நின்றது.

"அப்ப நான் குண்டாய் இருந்தனான். இவளை மாதிரியே இல்லை" என்றார். "இப்பதான் சரியாய் இருக்கு. அச்சு."

"சித்தி…"

"கொம்மா உன்னை வர விட்டவாவோ?"

"இல்லை."

"கொப்பர்?"

"மீன் வெட்டுறார்."

"வெட்டட்டும்."

கீச்.

"ஏன் ஒருத்தரும் இதை மாத்தேல்ல?" என்றேன்.

"அவர்தான் மாத்துவார். எனக்கு எட்டாது. லாச்சிக்குள்ள புதுசு கிடக்கு."

மேசை லாச்சியை இழுத்து எடுத்து வந்தேன். ஈரச் சட்டையோடு கதிரையில் ஏறி, மூடியைத் திறந்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். வேலை செய்கிறதா என்று பொத்தானை அமத்தினேன். அது வீடு அதிரக் கத்தியது. செபம் நின்றுவிட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சித்தியும் பார்த்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனியப் போனார்.

"பாருங்கோ, சித்தி."

"காய்ச்சல் வரும்."

"வரட்டும். நல்லாப் பாருங்கோ."

பார்த்தார். கால் தொடங்கித் தலை மட்டும், ஒரு கடைக்காரன் மீனைப் பார்ப்பதுபோல் விடாமல் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலிருந்தே, எட்டாத என் கன்னங்களைக் காற்றில் வழித்து, நெற்றிப் பொட்டுக்குக் கொண்டுபோனார். விரல் எல்லாம் முறிந்தது. அலார்ம் ஓய்ந்த அமைதியில் அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அடுத்தநாள் எனக்குக் காய்ச்சல். மழையில் நின்றால் வரும். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், குசினிக் கதிரையை இழுத்து அலார்முக்குக் கீழே வைத்தார். அவர் ஏறுவதற்கு முதல் நான் அந்தக் கதிரையில் போய் இருந்தேன். எழும்பச் சொன்னார். கீழே அப்பா கடையைத் திறக்கிற சத்தம் கேட்டது, என்னைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. நான் எழும்பவில்லை.